இரண்டு மைக்ரான்

மலையடிவாரத்து ஊரான ட்ரௌன்ஸ்டைனிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் அனுப்பியிருந்த பேட்டரி விண்ணப்பம் மேசைக்கு வந்தபோது வீப்கே லோரன்செனுக்கு அது பிடித்துப்போனது. அப்படிப் பிடித்துப்போவது அபூர்வம். ம்யூனிக்கின் காப்புரிமை அலுவலகத்தில் பேட்டரிப் பிரிவின் பரிசோதகராக இத்தனை வருஷம் உட்கார்ந்ததில், பெரிய கம்பெனிகளின் விண்ணப்பங்கள் அவளுக்கு அலுத்துப்போயிருந்தன. வண்டி வண்டியாக எழுதுவார்கள். பிழிந்து பார்த்தால் சங்கதி ஒரு கரண்டி தேறாது. ஆஷாவர் என்ற இந்தத் தகப்பன், மகளின் விண்ணப்பமோ ஒல்லியானது. வக்கீல் வைத்து எழுதியதில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. செய்தவர்கள் தாங்கள் செய்ததை அப்படியே சொல்லியிருந்தார்கள்.

திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் செல்லுக்குள் இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய திரை ஒன்று இருக்கும். திரை கிழிந்து முனைகள் தொட்டுக்கொண்டால் செல் தீப்பிடிக்கும். ஆஷாவர்கள் அந்தத் திரையின்மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சைப் பூசினார்கள். சூடு ஏறினால் பூச்சு இளகி, திரையிலுள்ள நுண்துளைகளை அடைத்துவிடும். செல் சத்தமில்லாமல் அணைந்துபோகும். ஜப்பானில் இதை முன்பே செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பூச்சு தடிமன், செல்லின் பாதிச் சக்தியைத் தின்றுவிடும். ஆஷாவர்கள் மிக மெல்லியதாகப் பூசும் வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டு முதல் எட்டு மைக்ரான் வரை எங்களுக்கு உரிமை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு மைக்ரான் என்பது தலைமயிரை நெடுக்காக முப்பதாகக் கீறினால் வரும் கனம்.

ஒன்றே ஒன்றுதான் வீப்கேயை உறுத்தியது. முழுச் சார்ஜில் இருக்கும் செல்லில் ஆணியை இறக்கித் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் கடைசிச் சோதனை. நான்கு, ஐந்து, ஆறு, எட்டு மைக்ரான் செல்கள் எல்லாம் ஆணியைத் தாங்கியதாக எழுதியிருந்தது. இரண்டு மைக்ரான் செல்லுக்கு எடை இருந்தது, சக்தி இருந்தது, எத்தனை முறை சார்ஜ் தாங்கியது என்பது இருந்தது. ஆணிச் சோதனைக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் கிழித்திருந்தது.

கேட்கிற எல்லை முழுவதிலும் கண்டுபிடிப்பு வேலை செய்தாக வேண்டும் என்பது விதி. வக்கீல் இல்லாதவர்கள் ஆயிற்றே, எழுதிக் குழப்புவானேன் என்று அவள் தொலைபேசியை எடுத்தாள்.

மணி அடித்தது. பிறகு ஒரு பெண்குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆஷாவர் பட்டறை, லேனி பேசறேன். இப்பத்தான் ஒரு செல்லுல ஆணி இறக்கப் போறோம், கையை எடுக்க முடியாது. யாருன்னு சொல்லிட்டு வைங்க, அப்பா கூப்பிடுவார். அவர் மறந்துட்டா நான் கூப்பிடறேன்."

பதிவுசெய்த குரல்தான். இருந்தாலும் வீப்கேக்குச் சிரிப்பு வந்தது. அவளும் இந்த வேலைக்கு வருமுன் கீல் நகரில் ஒரு சோதனைக்கூடத்தில் செல்களை ஆணியால் குத்தியவள். பெயரைச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் தகப்பன் கூப்பிட்டார். கோர்பினியன் ஆஷாவர். மலையடிவாரத்துப் பேச்சு, ஒவ்வொரு சொல்லையும் வாயில் உருட்டிவிட்டுத்தான் வெளியே விடுவார்.

"சொல்லுங்க மேடம்."

"உங்க விண்ணப்பம் நல்லா இருக்கு, ஹெர் ஆஷாவர். ஒரு விஷயம்தான். ரெண்டு மைக்ரானுக்கு ஆணிச் சோதனை முடிவு இல்லையே?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அது லேனியோட கணக்கு மேடம். ரெண்டுங்கறது அவ பிடிச்ச எண். நான் நாலோட நிறுத்திக்கலாம்னேன், அவதான் கேக்கல."

"சோதனை பண்ணியிருப்பாங்கல்ல?"

"கேட்டுச் சொல்றேன், இருங்க." அவர் வாயை அந்தப் பக்கம் திருப்பியது தெரிந்தது. குரல் சற்று உயர்ந்தது. "லேனி! ரெண்டுக்கு எடுத்த அளவு எங்க வெச்சே?"

வீப்கே காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். அங்கே ஏதோ ஒரு இயந்திரம் மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை. காலடி இல்லை, பதில் இல்லை. ஆனாலும் ஆஷாவர், யாரோ பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற மாதிரியே காத்திருந்தார்.

"தேடிப் பாக்கறேங்கறா மேடம்," என்றார்.

அதற்குப் பிறகு இலையுதிர்காலம் முழுக்க அப்படியே போனது. வீப்கே எழுதிக் கேட்டாள். நான்கு, ஐந்து மைக்ரானுக்குப் புதுப்புது அளவுகள் நேர்த்தியாக வந்தன, இரண்டுக்கு ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டால் பாதி நேரம் லேனியின் குரல்தான். ஆணி இறக்கப் போவதாகவும் கையை எடுக்க முடியாதென்றும் அது சொன்னது. மீதி நேரம் ஆஷாவர் எடுத்து, லேனிக்கு இன்று தலைவலி, லேனி மேலே பூச்சு வேலையில் இருக்கிறாள், லேனி சொல்கிறாள் இரண்டை விடவே கூடாதாம், என்றார். கடைசியில் வீப்கே வேறு வழியில்லாமல், இந்த நிலையில் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், நேரில் விசாரணை வைக்கிறோம் என்று அறிவித்தாள். அதன்பிறகுதான் ஆஷாவர் வக்கீல் வைத்தார்.

தால்மையர் என்ற அந்தக் காப்புரிமை வக்கீல் விசாரணைக்கு முந்தின வாரம் கூப்பிட்டார். பழகிய மனிதர், எதையும் விளையாட்டாகப் பேசுகிறவர். அன்று விளையாட்டு இல்லை.

"எல்லாரும் வீடியோவுலதானே வர்றாங்க, என் கட்சிக்காரர் நேர்லதான் வருவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறார். அதுக்கு ஏற்பாடு பண்ணிடுங்க."

"பண்ணிடலாம். பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவங்களைக் கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"உங்களுக்குத் தெரியாதா? நான் தெரியும்னுல்ல நினைச்சேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பொண்ணு போய் மூணு வருஷம் ஆகுது. பட்டறையில தீ. விண்ணப்பம் போட்டதே அதுக்கப்புறம்தான். எனக்கே ட்ரௌன்ஸ்டைன் ஸ்டேஷன்ல டாக்ஸிக்காரன் சொல்லித்தான் தெரியும். இவர் வாயைத் திறக்கல. காபி போட்டார், மூணு கோப்பை வெச்சார்."

வீப்கே ஏதோ பதில் சொல்லி வைத்தாள். என்ன சொன்னாள் என்பது பிறகு நினைவில்லை. பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே ஈஸார் ஆற்றின்மேல் மூடுபனி. அந்தக் குரல் பதிவு என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் பதிவுக்குப் பின்னால் ஒருத்தி ஆணியும் கையுமாக நிற்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். அங்கே யாருமில்லை. ஒவ்வொரு முறையும் ஆஷாவர் திரும்பிக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்த அந்த நேரம் இப்போது அவளுடைய காதில் நீளத் தொடங்கியது.

அன்றிலிருந்து அது அவளைத் தொடர்ந்தது. சுரங்க ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பெண் வாயைத் திறந்தால், அடுத்த வார்த்தை 'கையை எடுக்க முடியாது' என்று வந்துவிடுமோ என்று நடையை நிறுத்திக் கேட்டாள். கான்டீனில் பின்மேசைப் பெண் சிரித்தபோது திரும்பிப் பார்த்தாள். அறைக்குள் ஒரு வாசனை வேறு வந்தது. செல் கசியும்போது வருமே, பழுத்த பேரிக்காயும் நகப்பூச்சும் கலந்தது போன்ற அந்த இனிப்பு வாடை. பக்கத்து அறை கோரந்தானைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள். பிரெஞ்சுக்காரன், விசாரணைக் குழுவின் தலைவன், அவளோடு பத்து வருஷமாக மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவன்.

"ஒண்ணும் வரலையே. டிராயர்ல ஆப்பிள் ஏதாவது வெச்சு மறந்துட்டியா?"

இருவரும் டிராயர்களைத் திறந்து பார்த்தார்கள். எதுவும் இல்லை.

"வீப்கே, இந்தக் கேஸை வேற யார்கிட்டயாவது மாத்திடவா?"

"வேண்டாம். அவர் யார்கிட்டயும் சொல்லாததை இன்னொரு ஆள் புதுசா வந்து கேக்கணுமா? நானே கேக்கறேன்."

"கேப்பியா?"

"கேட்டுத்தானே ஆகணும். ரெண்டு மைக்ரான் தாங்கும்னு நாம முத்திரை குத்திக் குடுத்தா, நாளைக்கு எவனாவது அதைச் செஞ்சு ஒரு குழந்தை சைக்கிள்ல மாட்டுவான்."

விசாரணை அன்று ஆஷாவர் தால்மையருக்குப் பின்னால் வந்தார். வீப்கே நினைத்ததைவிடச் சின்ன உருவம். பச்சைக் கம்பளிக் கோட்டு, முள்முள்ளான தாடி. மூவர் குழுவின் எதிரே உட்காரும்போது தனக்கு இடப்பக்கத்து நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துவிட்டு, பிறகுதான் தன்னுடையதில் உட்கார்ந்தார். தால்மையர் வலப்பக்கம் இருந்தார். இடப்பக்கம் காலி. வீப்கே அந்த நாற்காலியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

தால்மையர் தம்மால் முடிந்ததைச் செய்தார். நான்கில் தாங்கியது, ஐந்தில் தாங்கியது, எனவே துறை அறிந்த ஒருவர் இரண்டிலும் தாங்கும் என்றே எதிர்பார்ப்பார் என்றார். கோரந்தான் கேட்டுக்கொண்டு வீப்கேயிடம் தலையசைத்தான்.

"ஹெர் ஆஷாவர்," என்றாள் வீப்கே. "ரெண்டு மைக்ரான் செல்லுல ஆணிச் சோதனை செஞ்சீங்களா?"

"என் கட்சிக்காரர் இதுக்குப் பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல…" என்று தால்மையர் ஆரம்பித்தார்.

"செஞ்சோம்," என்றார் ஆஷாவர்.

"முடிவு?"

"அன்னிக்கு ஆணி முனை மழுங்கியிருந்தது. பிப்ரவரி மாசம், பட்டறை ரொம்பக் குளிரு. பூச்சு ஒரு ஓரத்துல சரியாப் பிடிச்சிருக்காது. ஒரு தடவை நடந்ததை வெச்சு ரெண்டு ஆகாதுன்னு சொல்ல முடியாது."

"ஒரு தடவைதான் செஞ்சீங்களா?"

அவர் தம் கைகளைப் பார்த்தார். அவற்றின் புறங்கை முழுக்கப் பழைய சிறுசிறு தீப்புண்கள், வெள்ளையாக.

"இல்ல," என்றார் கடைசியில். "அவ ஒரு தடவை. அதுக்கப்புறம் நான் செஞ்சேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு, நீளக் கம்பியால. புது ஆணி போட்டேன். அறையைச் சூடாக்கிப் பாத்தேன். பூச்சை லென்ஸ் வெச்சுப் பாத்துப் பாத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் இது தீப்பிடிக்கக் கூடாது, இது பிடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் இறக்குவேன்."

"பிடிச்சுதா?"

"எல்லாமே பிடிச்சுது."

தால்மையர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்படின்னா," என்று கோரந்தான் மெல்ல ஆரம்பித்தான், "உங்க விவரிப்புலயே 'நாலு முதல் எட்டு நல்லது'ன்னு ஒரு வரி இருக்கு. கீழ் எல்லையை நாலுன்னு மாத்திக்கிட்டா இந்தக் குழுவுக்கு ஆட்சேபணை இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"ரெண்டை எடுக்க முடியாது."

"ஹெர் ஆஷாவர், ரெண்டு வேலை செய்யலைன்னு நீங்களே இப்ப…"

"ரெண்டு அவளோடது!" அவர் குரல் உடைந்தது. "நாலு என்னோடது. ரெண்டை அடிச்சுட்டா அவ தப்பு பண்ணித்தான் செத்தான்னு ஆயிடும். அதை நான் அவ முன்னாடி உக்காந்து சொல்லணுமா?"

இடப்பக்கத்து நாற்காலியை அப்போது எல்லோருமே பார்த்தார்கள். கோரந்தான் இடைவேளை அறிவித்தான்.

இடைவேளையில் வழக்கு பற்றிக் கட்சிக்காரரோடு பேசக்கூடாது. வீப்கே தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னலோரம், ஆஷாவர் தனியாக நின்றிருந்தார். அவள் திரும்பிப் போயிருப்பாள். அவர்தான் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க லேப்ல வேலை பாத்தவங்கன்னு வக்கீல் சொன்னார்."

"ஆமா. கீல்ல."

"செல் தீப்பிடிக்கறப்ப பக்கத்துல நின்னிருக்கீங்களா?"

"நின்னிருக்கேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்."

"நான் நின்னதில்ல. அன்னிக்கு ரொட்டி வாங்கப் போயிருந்தேன். அப்புறம் நான் செஞ்சதெல்லாம் காதை அடைச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு." அவர் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "எப்படி இருக்கும்? சட்டுனு ஆயிடுமா? டாக்டர், தீயணைக்கறவங்க, எல்லாரும் சட்டுனு ஆயிருக்கும்னாங்க. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க."

'ஆமாம்' என்று ஒரே சொல்லில் அவரை அனுப்பியிருக்கலாம். அதற்குத்தான் வீப்கே வாயெடுத்தாள். ஆனால் அத்தனை மாதங்களாக அவரிடம் அவள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு உண்மையைத்தான். இப்போது அவர் கேட்கும்போது அவளால் மறைக்க முடியவில்லை.

"முதல்ல சீறும்," என்றாள். "மெல்லிசா, கெட்டில் கொதிக்கறதுக்கு முன்னாடி மாதிரி. செல் உப்பும். அப்புறம்தான் மத்தது."

"சீறறதுக்கும் மத்ததுக்கும் நடுவுல?"

"ரொம்பக் கொஞ்ச நேரம். ஓட முடியாது."

"ஆனா?"

"பாக்க முடியும்."

ஆஷாவர் தலையாட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் விழுந்துவிடுவாரோ என்று வீப்கே கையை நீட்டினாள். அவர் விழவில்லை. முகத்தில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. எங்கோ வைத்து மறந்த பொருள் கைக்குத் தட்டுப்பட்டது போல.

"அப்ப அவ பாத்திருக்கா," என்றார். "உப்பறதைப் பாத்திருப்பா. அவளுக்குத் தெரியாததா? ரெண்டு தாங்கலைன்னு எனக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." சட்டென்று சிரித்தார், கண்ணில் நீர் வடிய. "பாருங்க மேடம், மூணு வருஷமா இதை நான் அவகிட்ட மறைச்சுக்கிட்டிருந்தேன். அவ கேக்கறப்பல்லாம் பேச்சை மாத்திடுவேன். இன்னும் பாக்கறேன், இன்னும் பாக்கறேன்னுவேன். கழுதை, அவ சும்மாதான் இருந்திருக்கா. அப்பன் எப்ப சொல்றான்னு பாத்துக்கிட்டு."

வீப்கே அவரையே பார்த்தாள். இந்த மனிதரின் வீட்டில் தினமும் ஒரு பெண் வந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்!

திரும்பவும் உட்கார்ந்ததும் ஆஷாவரே பேசினார். "நாலுன்னே போடுங்க."

தால்மையர் சட்டென்று அவர் பக்கம் திரும்பி, "நிச்சயமா?" என்றார்.

"நிச்சயம்தான் வக்கீல் சார். ஆனா ஒண்ணு. ரெண்டு மைக்ரானை விவரிப்புலேர்ந்து தூக்கக் கூடாது. அங்க வெடிச்சதுன்னு எழுதணும். அந்தக் கோடு இருக்கற இடத்துல."

கோரந்தான் வீப்கேயைப் பார்த்தான். அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அதைச் சேர்க்க முடியாது, ஹெர் ஆஷாவர். விண்ணப்பம் போட்ட அன்னிக்கு அதுல இல்லாத எதையும் பின்னால சேர்க்கச் சட்டம் விடாது. அந்த உதாரணம் அப்படியே இருக்கலாம். மேல மட்டும் 'ஒப்பீட்டுக்காக. இந்தக் கண்டுபிடிப்பைச் சேர்ந்ததல்ல'ன்னு ஒரு வரி வரும்."

"சேர்ந்ததல்ல," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்கு வலித்தது.

"விசாரணைக் குறிப்புன்னு ஒண்ணு எழுதுவோம்," என்றான் கோரந்தான். அலுவலகக் குரலை விட்டிருந்தான். "இன்னிக்கு இங்க நீங்க சொன்னது அதுல போகும். விண்ணப்பத்தோட கோப்பிலேயே இருக்கும், உலகத்துல யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

ஆஷாவர் சொன்னார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் உருட்டி. கோரந்தான் தட்டச்சு செய்து, லேனியின் முழுப்பெயரோடு வாசித்துக் காட்டினான்: "இரண்டு மைக்ரான் பூச்சுள்ள செல் ஆணிச் சோதனையில் தோல்வியுற்றதாகவும், சோதனையைச் செய்தவர் இணைக் கண்டுபிடிப்பாளர் மக்தலேனா ஆஷாவர் என்றும் விண்ணப்பதாரர் தெரிவித்தார்."

"தோல்வின்னு போடாதீங்க. வெடிச்சதுன்னு போடுங்க. அவளும் அப்படித்தான் எழுதுவா."

கோரந்தான் மாற்றினான். நான்கு முதல் எட்டு மைக்ரான் வரை காப்புரிமை தரக் குழு உத்தேசித்துள்ளது என்று அறிவித்து விசாரணையை முடித்தான். கண்டுபிடிப்பாளர் விவரத்தில் மகளின் பெயருக்கு எதிரே காலமானவர் என்று குறிக்க வேண்டியிருக்கும் என்று தால்மையர் தயங்கித் தயங்கி நினைவூட்டினார். "குறிச்சுக்குங்க, குறிச்சுக்குங்க," என்றார் ஆஷாவர், கோட்டை மாட்டியபடியே.

வீப்கே அவர்களை லிஃப்ட் வரை கொண்டுவிட்டாள். தால்மையர் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரா வீட்டுக்குத்தானே?" என்று கேட்டாள், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"வீட்டுக்குத்தான். அவகிட்டச் சொல்லணும்ல."

"அவங்களுக்குத்தான் தெரியுமே," என்றாள் வீப்கே. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஆஷாவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. "தெரியும்தான். இருந்தாலும் அப்பன் வாயால கேக்கணும்னு இருக்கும்ல, மேடம்? கோவிச்சுக்குவா. நாலா, கிழவா, ஜெயிச்சுட்டியான்னு கத்துவா. கத்தட்டும்." லிஃப்ட் கதவு திறந்தது. அவர் தால்மையரை முன்னால் போகவிட்டார். பிறகு தாமும் உள்ளே போய், சற்று ஒதுங்கி, தம் இடப்பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டு நின்றுகொண்டார்.

கதவு மூடியது. வீப்கே அங்கேயே நின்று, மேலே எண்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைத் தரைத்தளம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.